கடல் இல்லாததா பீகாரின் குற்றம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒரு வட்டாரம் பின்தங்க இயற்கை அமைப்பே காரணம் என்று பேசிய எதிரணி நண்பர், பீகாரைக் கையில் எடுத்தார். கடல் கிடையாது, துறைமுகம் கிடையாது, வருஷா வருஷம் வெள்ளம், அப்புறம் எப்படி ஐயா முன்னேறும் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

கடல் இருப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இயற்கை பீகாருக்கும் அள்ளிக் கொடுத்திருந்ததே! 2000-இல் ஜார்க்கண்ட் பிரியும்வரை அந்த இரும்புத் தாதும் நிலக்கரியும் பீகாருடையவை. ஜாம்ஷெட்பூர் உருக்காலை அங்கேதான். உருக்கு கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தானே இயந்திரத் தொழிற்சாலைகள் பெருகியிருக்க வேண்டும்? 1950-களில் மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது. ஜாம்ஷெட்பூரில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் உருக்கு ஒரே விலை. அப்புறம் ஆலைக்குப் பக்கத்தில் தொழில் தொடங்க யார் வருவார்கள்? ரயில் கூலியை எல்லார் தலையிலும் பரப்பிவிட்டார்கள். 1990-களின் தொடக்கம்வரை இது ஓடியது. சரி, சமத்துவம்தானே என்பீர்கள். பருத்திக்கு மட்டும் அந்தச் சமத்துவம் இல்லை. பாட்னாவில் ஒருவர் பஞ்சாலை வைத்தால், மேற்கேயிருந்து வரும் பஞ்சுக்கு முழுக் கூலியும் அவர்தான் கட்டவேண்டும். தூரத்துக்கேற்ற கூலிச் சுமையில்லாத அந்த உருக்கால் நம் தொழிற்பேட்டைகளும் பலனடைந்தன. அதையும் இந்த மேடையில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மண்ணைச் சொல்வீர்களா? கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. 1793-இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அதை ஜமீன்தார்கள் கையில் கொடுத்தார். வரி வசூலோடு அவர்கள் வேலை முடிந்தது. வாய்க்கால் வெட்டும் அக்கறை யாருக்கு வரும்?

மிச்சம் இருப்பது வெள்ளம். நண்பரின் பெரிய ஆயுதமே அதுதான். 2008 ஆகஸ்ட் 18 அன்று, எல்லைக்கு அப்பால் நேபாளத்தில் உள்ள குசஹாவில் கோசி ஆற்றின் கரை உடைந்தது. ஆறு பழைய தடத்தில் பாய்ந்து, பீகாரில் லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். இயற்கைச் சீற்றம் என்று தோன்றும். ஆனால் அன்று ஆற்றில் ஓடிய தண்ணீர், அந்தக் கரை தாங்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய அளவில் கால்வாசிகூட இல்லை! கரை இருப்பது நேபாள மண்ணில். இரு நாடுகளும் 1954-இல் போட்ட ஒப்பந்தப்படி பராமரிப்பு இந்தியாவின் பொறுப்பு. மண்வெட்டி எடுக்கவேண்டியது பீகார் அரசின் நீர்வளத் துறை. உடைந்த பிறகு ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

கால்வாசித் தண்ணீருக்கே கரை உடைந்தால், அது ஆற்றின் குற்றமா, அலுவலகத்தின் குற்றமா? அடுத்துப் பேச வரும் நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.