சந்தை சரியும் நாளும் கணவன் மனைவியின் கணக்கும்

அவையோர் அனைவருக்கும், குறிப்பாக இணையராக வந்து அமர்ந்திருப்பவர்களுக்கு, என் வணக்கம்.

பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருக்கும் வரையில் முதலீட்டைப் பற்றிய பேச்சு வீடுகளில் பெரும்பாலும் எழுவதே இல்லை. சரியத் தொடங்கியதும், ஒருவர் "இருப்பதையெல்லாம் விற்றுவிடலாம்" என்பார். மற்றவர் "இப்போதுதான் இன்னும் வாங்க வேண்டும்" என்பார். அன்று எடுக்கப்படும் முடிவு, யாருடைய குரல் உரத்து ஒலிக்கிறதோ அவருடைய முடிவாகவே அமைந்துவிடுகிறது. சந்தை அமைதியாக இருக்கும்போதே இருவரும் சேர்ந்து முடிவெடுத்து, அதை எழுதி வைக்க வேண்டும் என்பதே இன்று நான் வலியுறுத்த வந்தது.

நாம் கண்ட இரண்டு பெரும் சரிவுகளை நினைவுகூருங்கள். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட, மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே இறங்கியது. அந்தக் குறியீட்டை ஒட்டி நகரும் முதலீட்டில் பத்து லட்சம் வைத்திருந்தவரின் கணக்கில் ஏறத்தாழ நான்கு லட்சமே தெரிந்திருக்கும். பழைய உயரத்தை மீண்டும் எட்ட 2010 நவம்பர் வரை ஆயிற்று. 2020 ஜனவரியில் 42,000ஐ எட்டியிருந்த அதே குறியீடு, மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000க்குக் கீழே முடிந்தது. ஆனால் நவம்பருக்குள் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. முதல் மீட்சிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், இரண்டாவதற்குப் பத்து மாதங்கள். சரிவின் அடியில் நின்றபோது இந்தக் கால அளவை எவராலும் அறிந்திருக்க முடியாது. ஆகவே சந்தை எப்போது மீளும் என்று கணவனும் மனைவியும் வாதிடுவதில் பயனில்லை. நம் பணம் எந்த ஆண்டில், எதற்காகத் தேவைப்படும் என்பதே இருவராலும் விடை சொல்லக்கூடிய கேள்வி.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். அந்தத் தொகை பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. சற்றுக் குறைந்த வட்டியானாலும் வங்கி வைப்பில் இருக்கட்டும். ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள வைப்புகளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, ஐந்து லட்சம் ரூபாய் வரையில்தான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து வரும் ஓய்வுக்காலத்துக்கான பணமோ, சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. எனும் மாதாந்திரத் தவணையாக 10,000 ரூபாய் செலுத்துபவருக்கு, யூனிட் எனப்படும் ஃபண்டின் ஓர் அலகின் விலை 50 ரூபாயாக இருக்கையில் 200 யூனிட்டுகள் கிடைக்கின்றன. விலை 40 ஆகும்போது 250 கிடைக்கின்றன. பதற்றத்தில் தவணையை நிறுத்துபவர் இழப்பது மலிவாகக் கிடைக்கும் அந்த யூனிட்டுகளைத்தான்.

எழுதி வைக்கும் தாளில் பெரிய வாசகங்கள் வேண்டாம். "மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் போடமாட்டோம். குறியீடு இருபது சதவீதம் சரிந்தாலும் தவணையை நிறுத்தமாட்டோம். இருவரும் ஒப்பாமல் எதையும் விற்கமாட்டோம்." இவ்வளவு எழுதி, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்டால் போதும்.

இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில், அதிலும் இருவரும் ஒரே துறையில் பணிபுரியும் வீடுகளில், கவனிக்கப்படாத ஓர் ஆபத்து உண்டு. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இருவரும் மென்பொருள் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவரிடம் தம் நிறுவனத்தின் பங்குகள் இருக்கின்றன. மனைவியின் மியூச்சுவல் ஃபண்டும் தகவல் தொழில்நுட்பத் துறை சார்ந்தது. அடுக்ககத்தின் மாதத் தவணையோ இரண்டு சம்பளத்தையும் நம்பியிருக்கிறது. அத்துறை தளர்ந்தால் இரண்டு வேலை, பங்குகள், ஃபண்டு, வீட்டுக்கடன் எல்லாம் ஒரே மாதத்தில் ஆட்டம் காணும். இத்தகைய தம்பதியர் முதலீட்டை வேறு துறைகளுக்குப் பரப்புவதோடு, மற்றவர்கள் ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்தால் ஓராண்டுச் செலவை வைப்பதே நல்லது.

அடுத்து நகை. சந்தை சரியும்போது, "இப்போது வாங்கினால் இரட்டிப்பாகும்" என்று சொல்லி மனைவியின் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நகைக்கடனின் வட்டி, சந்தை மீளும் வரையில் காத்திருக்காது. நகை மனைவியின் உடைமை என்பதும், நெருக்கடியில் அக்குடும்பத்தின் கடைசிக் கையிருப்பு என்பதும் மறக்கப்படுகின்றன. அப்படித் திரட்டிய பணம், பங்குகளின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தின் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னது.

கடைசியாக, இருவரில் ஒருவர் இல்லாமல் போகும் நிலை. முதலீட்டைக் கவனித்து வந்தவர் மறைந்தால், எஞ்சியவர் துக்கத்தோடும் சந்தையின் அன்றைய மனநிலையோடும் தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஆகவே வங்கிக் கணக்குகள், ஃபண்டுகள், டேர்ம் இன்சூரன்ஸ் எனும் குறித்த கால ஆயுள் காப்பீடு, கடன்கள் ஆகிய அனைத்தின் விவரமும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணவர் தம் ஆயுள் காப்பீட்டை 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் மனைவி, குழந்தைகளின் நலனுக்காக எடுத்தால், அத்தொகையில் பொதுவாக அவருடைய கடன்காரர்கள் கைவைக்க முடியாது. தொழில் செய்வோருக்கு இது பெரும் பாதுகாப்பு. வருங்கால வைப்பு நிதிக்குத் திருமணத்துக்கு முன் கொடுத்த நாமினி விவரத்தைப் புதுப்பித்தாக வேண்டும். பங்குகளின் நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் அவற்றின் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வாரிசுகளுக்குள் பிணக்கு வராதிருக்க உயில் தேவை. அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் அது செல்லும். கணவரும் மனைவியும் தனித்தனியே எழுத வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.