கோழிக்கூண்டில் ஒரு கண்ணாடி வீடு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

"வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன், படம் எடுக்க இங்கே என்ன இருக்கிறது?" புகைப்படக் கலை சொல்லிக்கொடுக்கும் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. முழங்கால் வலியால் மாடிப்படி இறங்க முடியாதவர்கள் கேட்பார்கள். படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் மருமகள்கள் கேட்பார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, மூன்று படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கும் அப்பாக்களும் கேட்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு அம்மாளைப் பற்றிச் சொல்வது வழக்கம். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, இலங்கை மலைநாட்டில் அடக்கமானவர். ஜூலியா மார்கரெட் கேமரன் என்று பெயர்.

ஜூலியா 1815-இல் பிறந்தார். கணவர் சார்லஸ் ஹே கேமரன் அவரைவிட 20 வயது மூத்தவர், சட்ட அறிஞர். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் நிர்வாகத்தைச் சீர்திருத்த அமைத்த கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழு, இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கேமரன்தான் இவர். இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்களும் வாங்கிப் போட்டிருந்தார். குடும்பம் பிற்பாடு இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் குடியேறியது. வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. அதுவும் இலங்கைத் தோட்டத்தின் பெயர்தான்.

1863-ஆம் ஆண்டு முடியும் நேரம். கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் ஆகி அவள் வேறு வீடு போய்விட்டாள். ஆறு பிள்ளைகளைப் பெற்று, அநாதைக் குழந்தைகள் சிலரையும் எடுத்து வளர்த்த வீடு அது. அம்மாவுக்கு 48 வயது. அம்மாவின் நிலை மகளுக்குப் புரிந்திருக்கிறது. அவளும் மருமகனுமாக ஒரு கேமராவை அனுப்பி வைத்தார்கள். "அம்மா, ஃப்ரெஷ்வாட்டரில் தனியாக இருக்கிறாயே, படம் எடுத்துப் பார்த்தால் உனக்குப் பொழுது போகும்" என்று மகள் சொன்னதாக ஜூலியாவே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

கேமரா என்றதும் கையில் அடங்கும் பொருளை நினைத்துவிடாதீர்கள். பெரிய மரப்பெட்டி அது. 11 அங்குல நீளம், 9 அங்குல அகலத்தில் கண்ணாடித் தகடு. அந்தத் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். எதிரே உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையக் கூடாது. கடைசியில் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வைத்து வெயிலில் காட்டினால் படம் விழும்.

இத்தனைக்கும் இடம் வேண்டுமே? நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறை ஆக்கிக்கொண்டார். பிள்ளைகளுக்காகக் கட்டிக் கொடுத்த, கண்ணாடி போட்ட கோழிக்கூண்டு படப்பிடிப்புக் கூடம் ஆனது. கோழிகளை விடுவித்துவிட்டதாகவும், யாரும் அவற்றைச் சமைத்துச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாகவும் எழுதியிருக்கிறார். கோழிகள் இருந்த இடத்துக்குக் கவிஞர்களும் ஓவியர்களும் அழகான பெண்களும் வந்து போனார்கள் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் படத்துக்கு உட்கார்ந்தவர் அந்த ஊர் விவசாயி ஒருவர். காசு கொடுத்துத்தான் உட்கார வைத்தார். தகடு நன்றாக வந்திருந்தது, ஆனால் ஈரப் பக்கத்தில் கை பட்டு அழிந்துபோனது. அப்புறம் 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் முகம் தெளிவாக விழுந்தது. பரிசு கொடுக்க வீடு முழுக்க ஓடி ஓடித் தேடினாராம். படத்தை அந்தக் குழந்தையே செய்து கொடுத்தது போல் தோன்றியதாம். தனிமைக்கு மருந்தாக வந்த கேமரா அவரை நேராக இன்னொருவர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது, பாருங்கள். யாராவது வந்து உட்காராமல் அவரால் படம் எடுக்கவே முடியாது. ஆகவே கூப்பிட்டார். எல்லோரையும் கூப்பிட்டார்.

பக்கத்தில் குடியிருந்த கவிஞர் டென்னிசன் வந்தார். 1868 கோடையில் குடும்பத்தோடு அந்த ஊரில் வந்து தங்கிய சார்லஸ் டார்வின் வந்தார். என்னை எடுத்த படங்களிலேயே இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது என்று டார்வின் எழுதிக் கொடுத்தார். பெரிய மனிதர்கள் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வீட்டில் வேலை செய்த பெண்கள். ஊர்க்காரப் பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக எத்தனையோ படங்களில் பார்க்கலாம். வேலைக்கு நடுவே வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்த பெண் அவள். இன்னொருத்தி மேரி ரயன். தாயோடு பிச்சை கேட்டு நின்ற சிறுமியை ஜூலியா வீட்டுக்கு அழைத்து வந்து தன் பிள்ளைகளோடு படிக்க வைத்தார். அவளுடைய படம் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஹென்றி காட்டன் என்ற இளைஞர் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். 1867-இல் இருவருக்கும் கல்யாணம். அந்த ஹென்றி காட்டன்தான் 1904-இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவர் ஆனவர். ஒரு கோழிக்கூண்டில் எடுத்த படம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது!

வீட்டில் கலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கும் சங்கடம் அவருக்கும் இருந்தது. ஒவ்வொரு புதுப் படத்தையும் ஈரம் சொட்டச் சொட்டக் கணவரிடம் காட்ட ஓடுவார். சாப்பாட்டு மேசை விரிப்புகளில் சில்வர் நைட்ரேட் கறை. அது போகவே போகாத கறை. வேறு வீடாக இருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள் என்கிறார். ஆனால் அந்த முதியவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து மகிழ்ந்து பாராட்டியிருக்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கணவன்மார்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் யாராவது வரைந்ததை, எடுத்ததைக் கொண்டுவந்து நீட்டினால், செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஜூலியாவின் படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று அன்றைய புகைப்படச் சங்கத்தார் குறை சொன்னார்கள். லென்சைத் திருப்பிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் முகம் என் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவேன் என்பது அவர் பதில். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான்.

அவர் செய்ததில் என்னை மிகவும் தொட்டது ஒரு ரயில் நிலையத்தில் இருந்தது. இலங்கையிலிருந்த மகன் நான்கு வருடம் கழித்து ஊர் திரும்புகிறான். பிராக்கன்ஹர்ஸ்ட் நிலையத்தில்தான் அவனை முதலில் பார்க்கிறார். அந்த நன்றிக்காக, 1871-இல் அந்த நிலையத்தின் காத்திருப்பு அறைக்குத் தான் எடுத்த உருவப்படங்களை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். நீண்ட நாள் பிரிந்திருந்த மகனை முதலில் சந்தித்த இடம் இது என்று கீழே எழுதியும் வைத்தார். தாய் பட்ட தவிப்பு, யாரென்றே தெரியாத பயணிகள் உட்காரும் அறையின் சுவரில் போய்த் தொங்கியது. விமான நிலைய வாசலில் பிள்ளைக்காக நின்றவர்களுக்கு இது விளங்கும்.

சரி, எல்லோருக்கும் இப்படி ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் சுபாவம் இருக்காது. கூச்சக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு ப்ராக் நகரத்துப் புகைப்படக் கலைஞர் ஜோசப் சுதெக்கைச் சொல்வேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் தெருவில் கேமராவோடு நிற்பதே ஆபத்தாக இருந்த காலத்தில், தன் சிறிய பட்டறையின் ஜன்னலைப் படம் எடுக்கத் தொடங்கினார். 1940 முதல் 1954 வரை அதே ஜன்னல். கண்ணாடியில் படர்ந்த ஆவி, வழியும் நீர், உள்ளே ஒரு தம்ளர், வெளியே வளைந்த ஒரு மரம். ஒற்றைக் கையால் எடுத்தவை. பார்க்கிறவருக்கு அலுப்பதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே போக முடியாதவருக்கும் நாளுக்கு நாள் மாறும் வெளிச்சம் வீடு தேடி வரும்.

மறுபடி ஜூலியாவிடம் வருகிறேன். நமக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான்.

1875-இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். களுத்துறையில் கடலோரம் மகன் வீடு. 1877-இல் அங்கே வந்த ஓவியர் மேரியன் நார்த், வீட்டுச் சுவர் முழுக்கப் படங்கள், மேசை நாற்காலி தரை எங்கும் படங்கள் என்று எழுதியிருக்கிறார். அவரையும் சால்வை போர்த்தி, உச்சி வெயிலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார் ஜூலியா. விருந்தாளியை விடுவாரா?

ஆனால் இலங்கையில் எடுத்தவற்றில் நமக்குக் கிடைத்திருப்பது சுமார் 30 படங்களே. அவற்றில் பலவும் உள்ளூர் மக்கள், தோட்டத்து வேலையாட்கள். அன்று காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். பஞ்சத்துக்கு ஊரைவிட்டு, கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியாக நடந்து கண்டிச் சீமை போய்ச் சேர்ந்த தமிழர்கள். தனிமை என்றால் என்னவென்று அவர்களைக் கேட்க வேண்டும்.

அந்தப் படங்களின் முகங்கள் கம்பீரமானவை. அவர்களை வேடிக்கைப் பொருளாக அவர் பார்க்கவில்லை. ஃப்ரெஷ்வாட்டர் படங்களில் உள்ள அதே கவனம் இவற்றிலும் இருக்கிறது. ஆனாலும் பெயர் இல்லை. களுத்துறைக் குடியானவர்கள் என்ற 1878-ஆம் ஆண்டுப் படத்தின் கீழே, பெண்ணுக்கு 12 வயது, அவள் அப்பா என்று சொல்லும் கிழவர் தனக்கு 100 வயது என்கிறார் என்று ஒரு குறிப்பு. வயதைக் கேட்டிருக்கிறார்கள், உறவைக் கேட்டிருக்கிறார்கள். பெயர் குறிப்பில் ஏறவில்லை. இங்கிலாந்து வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியரையும் மேரி ரயனையும் 150 வருடம் கழித்து நான் பெயர் சொல்லிப் பேசுகிறேன். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை என்ன சொல்லி அழைப்பது? இது எனக்கு ஆறாத வருத்தம். முகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது என்று நான் நினைப்பதற்கு அந்தப் படம்தான் காரணம்.

1879 ஜனவரியில் ஜூலியா காலமானார். மறு வருடம் கணவரும். பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்து வளாகத்தில் இருவரும் அடக்கம். காப்பிச் செடிகள் நோயில் அழிந்து, சுற்றிலும் தேயிலை வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் தமிழ்க் குரல்தான்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது? நேரே வெயில் விழாத ஜன்னல் ஒன்று இருக்கும். பக்கத்தில் நாற்காலி போடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சம் ஒன்றே போதும். பின்னால் ஒரு பழைய சேலையைத் தொங்கவிடலாம். பாட்டியை உட்கார வையுங்கள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம், இஷ்டம் இருந்தால் உட்காருகிறீர்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள், முகம் தானாக இளகும். அப்போது எடுங்கள்.

எடுத்த படம் போனிலேயே கிடக்க வேண்டாம். ஸ்டுடியோவில் கொடுத்து இரண்டு பிரதி போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் அவர் முழுப் பெயர், சொந்த ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எழுதுங்கள். பெயரை அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு, ஒன்று அவருக்கு.

நன்றி, வணக்கம்.