ஈயத்தைக் குறையுங்கள், மூச்சைக் கவனியுங்கள்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிணற்றில் மல்லாந்து மிதந்திருக்கிறீர்களா? மூச்சை நிறைய இழுத்தால் மார்பு மேலெழும். விட்டால் உடல் தாழும். காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து, அதிலிருந்து மூச்சிழுத்தபடி கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கடலுக்கடியில் உயர்வதும் தாழ்வதும் பெரும்பாலும் மூச்சின் வேலை.

ஆனால் பலர், உடலைத் தாழ்த்த இடுப்பில் கட்டும் ஈயத்தைத்தான் நம்புகிறார்கள். வீராம்பட்டினத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அலையோடு வளர்ந்தவர், நீச்சலில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வேறோர் இடத்தில் பத்துக் கிலோ ஈயம் கட்டிப் பழகியிருந்தார். அந்தப் பாரத்தை ஈடுகட்ட, மிதப்பதற்காக அணியும் காற்று ஜாக்கெட்டில் காற்றை நிரப்புவார். காற்று மார்பைத் தூக்கும், ஈயம் இடுப்பை இழுக்கும். உடல் செங்குத்தாக நிற்கும். அந்த நிலையில் காலை உதைத்தால் முன்னே போக முடியுமா? மேலேதான் போவார். உடனே ஜாக்கெட் காற்றை வெளியேற்றுவார், கீழே விழுவார், மணல் கலங்கும். நம் கடலில் தெளிவு கிடைப்பதே அரிது. கலங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவரே தெரியமாட்டார்.

ஈயத்தை ஒவ்வொரு கிலோவாகக் குறைத்தோம். ஆறு கிலோவில் உடல் தானாகவே படுத்த நிலைக்கு வந்தது. கைகளை மார்புக்கு முன்னால் கோத்துக்கொள்ளச் சொன்னேன். துழாவுவது நின்றது, மூச்சு நிதானமானது, அதே சிலிண்டர் நெடுநேரம் வந்தது. ஈயம் குறைந்ததால்தான் இத்தனையும். மறுபடியும் சொல்கிறேன், ஈயம் குறைந்ததால்தான்.

எவ்வளவு ஈயம் சரி? ஜாக்கெட்டைக் காலி செய்து, இயல்பாக மூச்சிழுத்து, நீர்ப்பரப்பில் அசையாமல் நிமிர்ந்து மிதந்து பாருங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் தாழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்தால், அதன்மேல் இரண்டு கிலோ போலச் சேருங்கள். உள்ளே அடைத்த காற்றே இரண்டரைக் கிலோ இருக்கும். அது தீரத் தீர நீங்கள் இலேசாவீர்கள். நீச்சல் குளத்தில் பார்த்த கணக்கு கடலுக்கு ஒத்துவராது. உப்புநீர் கூடுதலாகத் தூக்கும்.

மூச்சிழுத்ததும் உடல் எழ ஓரிரு நொடிகள் ஆகும். அதற்குள் ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள், பொறுங்கள். ஆனால் ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும்.

ஆழம்தான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் பத்து மீட்டர்தான் சோதனை; அங்கேதான் அழுத்தம் இரட்டிப்பாகிறது, ஜாக்கெட் காற்று பாதியாகிறது. இதைக் கற்றுத்தரும் நண்பர்களே, மாணவர்களை மண்டியிட வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். முதல் நாளிலிருந்தே மிதந்தபடி பழகட்டும்.

காலில் மாட்டும் துடுப்பால் உதைக்கும் முறையைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. தவளை உதைப்பதுபோல் பக்கவாட்டில் உதையுங்கள், மணல் கலங்காது. மேலே வரும்போது ஜாக்கெட் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நில்லுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.