அளந்து போட்ட கதைகள்

(எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாமல் போனவர்கள் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, இரண்டு திருமண வரவேற்புகளைத் தள்ளி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்து ஜெனரேட்டருக்கு டீசலும் ஊற்றிக் கொடுத்த அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து, இன்று முதல் வரிசையில் உட்கார்ந்து என் ஒற்றுப் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும் புலவர் ஐயா அவர்களே, நூலகர் தம்பி அவர்களே, பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருக்கும் பிள்ளைகளே, பின்னால் நின்றுகொண்டு கேட்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அம்மா கடைசி வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் மறக்கவில்லை, பேச்சின் கடைசியில் அவர்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கதையும் படமும்'. நாம் ஆசை ஆசையாகப் படித்த கதை திரைக்கு வரும்போது என்ன ஆகிறது? மூன்று விஷயங்கள் சொல்ல நினைக்கிறேன். எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், மொழி என்ன ஆயிற்று.

எங்கள் அத்தை எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாள். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.' உலையில் அரிசி போடுவதற்கும் அதுதான், மொய் எழுதுவதற்கும் அதுதான். கதையைப் படமாக்குகிறவர்களுக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆறு என்றதும் பொன்னி. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950-ல் தொடங்கி 1954 வரை வாரா வாரம் எழுதினார். ஐந்து பாகம். மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு படமாக எடுத்தார். இரண்டையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். அளக்காமல் என்ன செய்வது? கல்கியின் கதை ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் என்ற வாலிபன் குதிரையில் தனியாகப் போகிறான். ஏரி தளும்புகிறது, ஊரே கரைக்கு வந்திருக்கிறது. அவன் மதகுகளை எண்ணிக்கொண்டே போகிறான். படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. பெரிய திரைக்கு அது வேண்டியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிமேகலையை விட்டார்களே, அதை என்னால் இன்னும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனுக்குத் தங்கை, வந்தியத்தேவனைத் தன் மனத்துக்குள் வைத்துப் பூஜித்தவள். கல்கி ஐந்து பாகத்தையும் முடிப்பது அரியணையில் அல்ல. அந்தப் பெண் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடும் இடத்தில் முடிக்கிறார். படத்தில் அவள் இல்லவே இல்லை. இது அளவு தவறிய இடம்.

சரி, சேர்த்ததற்கு வருவோம். பூமணியின் 'வெக்கை'யில் கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையன் சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுக்கலாம், எதைச் சமைத்துத் தின்னலாம். அவ்வளவுதான் கதை, ஆனால் மூச்சு முட்டும். வெற்றிமாறன் 2019-ல் 'அசுரன்' எடுத்தபோது அந்தத் தகப்பனுக்கு ஒரு முழு இளமைக் காலத்தையே புதிதாகக் கட்டிக் கொடுத்தார். கடைசியில் அவர் மகனிடம் பேசும் பேச்சு உங்களுக்கே தெரியும். நிலத்தைப் பிடுங்கலாம், பணத்தைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்பார். அந்த இடத்தில் நம் ஊர்த் தியேட்டரில் கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு வெளியே வந்து நினைத்துக்கொண்டேன், படிப்பைப் பிடுங்க வேண்டியதில்லை, நூலகத்தைப் பூட்டி வைத்தாலே போதும் என்று. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மகேந்திரன் செய்தது வேறு வகை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' நகரத்துப் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக் கதை. அதிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் வைத்தார். 1979-ல் 'உதிரிப்பூக்கள்' பிறந்தது. சுந்தரவடிவேலு என்ற பெயர் மிஞ்சியது, தாயில்லாப் பிள்ளைகளின் தவிப்பு மிஞ்சியது. மற்றதெல்லாம் மாறிவிட்டது. ஊரே கரையில் நிற்க, அந்த மனிதர் தானாக ஆற்றில் இறங்குகிறாரே, பிள்ளைகள் கரையில் நிற்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டுப் புதுமைப்பித்தனுக்குத் துரோகம் என்று யார் சொல்வார்கள்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட்டவர் மகேந்திரன்.

இப்போது அத்தை கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பாள்' எழுதி ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, அத்தை பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் கொடுத்து பைண்டு போட்டு வைத்திருந்தாள். சிவப்புக் காலிகோ அட்டை, ஓவியர் கோபுலு வரைந்த படங்களோடு. அதை யாருக்கும் இரவல் தரமாட்டாள். படம் 1968-ல் வந்தது. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வர அடுத்த கோடை ஆகிவிட்டது. நான் அப்போது சின்னப் பையன். அத்தை, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எதிர் வீட்டு நாயனக்காரத் தாத்தா, எல்லோரும் இரண்டாம் ஆட்டத்துக்குப் போனோம். அத்தை மடியில் முறுக்குப் பொட்டலம். மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்தாள். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டூரிங் டாக்கீஸில் ஒற்றை மெஷின்தானே. ரீல் மாற்ற மாற்ற விளக்குப் போடுவார்கள். விளக்கு எரிந்ததும் அத்தை பெண்கள் பக்கம் திரும்பி, "இந்த எடத்துல புஸ்தகத்துல இன்னும் எவ்வளவோ இருக்குடி, கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். அடுத்த ரீல் ஓடத் தொடங்கினாலும் நிறுத்தமாட்டாள். மூன்றாவது தடவை மெஷின் ஆளே இறங்கி வந்து, "அம்மா, நீங்க கதையைச் சொல்லி முடிச்சிட்டீங்கன்னா நான் படத்தைப் போடுறேன்" என்றார். டாக்கீஸே சிரித்தது. அத்தை அவர் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, "நீ போடு தம்பி, நான் அளந்துதான் சொல்றேன்" என்றாள்.

அப்புறம் அந்த இடம் வந்தது. நாட்டியக்காரி மோகனா பாட்டாலேயே நாயனக்காரர் சண்முகசுந்தரத்தை நலம் விசாரிக்கும் இடம். அத்தை வாயைத் திறக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். முந்தானை முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இருக்கிறாள், கண்ணீர் வழிகிறது. பக்கத்தில் நாயனக்காரத் தாத்தா சிவாஜியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் தொடை மேல் தானாக அசைகின்றன. வாசித்தது மதுரை சேதுராமனும் பொன்னுசாமியும் என்பது அவருக்குத் தெரியும். திரும்பி வரும்போது, "விரல் பொய் சொல்லலே" என்று மட்டும் சொன்னார். புத்தகத்தில் எத்தனை பக்கம் இருந்தாலும் நாயனம் கேட்காது. படத்தில் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றுக்கு மேல். அத்தை அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு, அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படிக்க உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் படம் பார்த்த பெண்கள் ஒவ்வொருவராகத் திண்ணைக்கு வந்தார்கள். "அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் தர்றீங்களா அக்கா?" யாருக்கும் தராத அத்தை அன்றைக்குத் தந்தாள். ஒரு நோட்டுப் போட்டு, யார், எந்தத் தேதி என்று என்னை எழுதச் சொன்னாள். நான் பார்த்த முதல் நூலகம் அந்தத் திண்ணைதான்.

ஐயா அவர்களே, நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. மொழியைப் பற்றிப் பேச நினைத்தது இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். இதை மட்டும் சொல்லவிடுங்கள். படம் பார்த்தவர்கள் புத்தகத்தைத் தேடி வருகிறார்கள். அன்றைக்கும் வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். 2022-ல் படம் வெளியான வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் கேட்டு ஒரு கிளை நூலகத்துக்குப் போனாள். பள்ளி விட்டுப் போனால் பூட்டியிருந்தது. இரண்டு முறை போனாள், மூன்றாம் முறையும் போனாள். அதே பூட்டு. அந்தப் பூட்டை நானும் போய்ப் பார்த்தேன், துருப்பிடித்திருந்தது. அந்தப் பெண் புத்தகத்தைப் படித்தாளா என்று கேட்கிறீர்களா? வீடியோவில் கதைச் சுருக்கம் பார்த்துக்கொண்டாளாம். மணிமேகலையை அவள் இன்னும் சந்திக்கவில்லை.

1999-ல் கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாட்டுடைமையான புத்தகம் பூட்டிய அலமாரிக்குள் இருந்தால் அது யார் உடைமை? சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் உலகத்துக்கே நூலக விதி எழுதிக் கொடுத்தார். இந்த மாநிலத்துக்கு 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், நூற்றுக்குப் பத்து ரூபாய். வீட்டுக்குப் போய் ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாக இருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பாள் அத்தை. அளந்து போட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

தலைவர் அம்மா அவர்களே, நான் சொன்ன வேலை இதுதான். நம் ஊர் நூலகம் மாலை 5 மணிக்கு மூடுகிறது, பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருவது 6 மணிக்கு. இரவு 8 மணி வரை திறந்திருக்க வேண்டும். அதற்குக் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும், ஒரு ட்யூப் லைட் வேண்டும். ட்யூப் லைட்டை நான் வாங்கித் தருகிறேன். ஆளுக்கு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும். மனு தயாராக இருக்கிறது. வாசலில் மோர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில், பேனாவோடு வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது, அம்மா. உங்களுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் வந்து போடட்டும். போட்டுவிட்டு எல்லோரும் மோர் குடித்துவிட்டுப் போங்கள். வணக்கம்.