நான்கு சொட்டு எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

ட்ரில் மிஷினைக் கையில் எடுத்தவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இரும்புப் பட்டையில் துளை போட ஆரம்பிப்பீர்கள். முதலில் சுருள் சுருளாக வரும். அப்புறம் பொடியாக வரும். அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம், லேசாகப் புகை. எவ்வளவு அழுத்தினாலும் பிட் இறங்காது. எடுத்துப் பார்த்தால் முனை மழுங்கி, நிறம் மாறிப் போயிருக்கும். பதம் போய்விட்டது. பட்டறைக்காரர்கள் ஊற்றும் கட்டிங் ஆயில் கையில் இல்லை. வீட்டில் இருப்பதில் எதை ஊற்றலாம்? என்னைச் சந்திக்கிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்.

எதை ஊற்றலாம் என்பதற்கு முன்னால், எதற்காக ஊற்றுகிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம். சூடு தணிக்க என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதிதான். ஃபிரெட்ரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் உலோகம் கடைவதைப் பற்றி 26 ஆண்டுகள் சோதனை செய்து, முடிவுகளை 1906-இல் வெளியிட்டார். உளி வெட்டுகிற இடத்திலேயே தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால் கடையும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம் என்று கண்டார். துருப் பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்துக்கொண்டார். தண்ணீரும் சலவை சோடாவும், பாருங்கள், இரண்டுமே வீட்டில் இருப்பவைதான்.

ஆனால் அவர் ஊற்றியது விடாமல் கொட்டும் தாரை. நாம் விடுவது நான்கு சொட்டு. நான்கு சொட்டில் எந்தச் சூடு தணியும்? கையில் பிடித்திருக்கும் மின்சார ட்ரில்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் வரவே கூடாது. அது உயிர் போகிற காரியம்.

அப்படியானால் நான்கு சொட்டு எண்ணெய் என்ன செய்கிறது? ஒட்டாமல் காக்கிறது. வெட்டுமுனையில் இருந்து சுருள் கிளம்புகிறபோது, அதன் அடிப்பக்கம் அப்போதுதான் பிறந்த உலோகம். காற்றுகூடப் படாதது. அது பெரும் அழுத்தத்தில் பிட்டின் முகத்தில் உரசிக்கொண்டு மேலே ஏறுகிறது. இடையில் ஒன்றும் இல்லையென்றால் துளித் துளியாக வெல்டிங் வைத்த மாதிரி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதுதான் பிறகு வெட்டப் பார்க்கும். அதற்கு ஏது கூர்மை? தாவர எண்ணெயிலும் விலங்குக் கொழுப்பிலும் உள்ள கொழுப்பு அமிலத்துக்கு ஒரு குணம். அதன் ஒரு நுனி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலியத்தில் இருந்து வரும் கனிம எண்ணெயில் அந்தப் பிடிமானம் இல்லை. அதனால்தான் பழைய பட்டறைகளில் பன்றிக் கொழுப்பு எண்ணெயை வைத்திருந்தார்கள். இன்று வீட்டில் அந்த வேலையைத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் செய்யும். விளக்கெண்ணெய் அதைவிட நன்றாகவே செய்யும்.

விளக்கெண்ணெய் என்றதும் ஒன்று சொல்லாமல் நகர முடியாது. நான் தொழில் பழகிய காலம். 6 மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளை போடச் சொன்னார்கள். பட்டறையில் நிற்கிற ட்ரில் மிஷினில் பெல்ட் மாட்டிய புல்லியைப் பொறுத்துத்தான் வேகம். பெல்ட் எந்தப் புல்லியில் இருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. லீவரை இழுத்தேன். கத்தியது. பயந்துபோய் அழுத்தத்தைக் குறைத்தேன். கத்தல் இன்னும் கூடியது. துளையின் அடி கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது, பிட் அதன்மேல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி வந்தார். "தம்பி, முதல்ல நிறுத்து" என்றார். விரலால் அந்தப் பளபளப்பைத் தடவிப் பார்த்தார். "வெட்டாம தேய்ச்சிருக்கே. தேய்ச்சா இது இறுகிப்போகும்" என்றார். பிட்டைக் கழற்றிச் சாணை பிடித்தார். பெல்ட்டை வேகம் குறைந்த கடைசிப் புல்லிக்கு மாற்றினார். தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் அளந்து புள்ளி குத்தினார். ஒரு சின்ன டப்பாவில் இருந்து விளக்கெண்ணெயைப் பிரஷால் தொட்டு வைத்தார். அவ்வளவு கெட்டி, அது ஓடவே இல்லை, புள்ளியின் மேல் குமிழாக நின்றது. "இறங்குற வரைக்கும் கையை எடுக்காதே" என்று சொல்லி லீவரை என் கையில் கொடுத்தார். அழுத்தினேன். சத்தமே இல்லை. பிட்டின் இரண்டு பள்ளங்களிலிருந்தும் இரண்டு சுருள், ஒரே கனத்தில், வெள்ளி நிறத்தில், எண்ணெய் பூசிக்கொண்டு ஏறி வந்தன. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் துளை போடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு சுருளைத்தான் எதிர்பார்த்து நிற்கிறேன்.

அவர் எண்ணெயைக் கடைசியில்தான் எடுத்தார். முதலில் கூர், அடுத்து வேகம். சூட்டைக் குறைப்பது வேகத்தைக் குறைப்பதுதான். கை ட்ரில்களில் பலவும் விசையை முழுக்க அழுத்தினால் நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு மேல் போகும். 10 மில்லிமீட்டர் பிட்டுக்குச் சாதாரண இரும்பில் ஏறக்குறைய 900 சுற்று போதும். எவர்சில்வரில் 400 போதும். கார்பன் எஃகு பிட் 250 டிகிரி தாண்டினாலே பதம் இழக்கத் தொடங்கும். ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட் ஏறக்குறைய 600 டிகிரி வரை தாங்கும். 2500 சுற்றில் எந்த எண்ணெய் ஊற்றினாலும் புகைதான் மிஞ்சும்.

இப்போது உலோகத்துக்கு உலோகம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொண்டு பள்ளத்தையே அடைத்துவிடும். மண்ணெண்ணெய் அதை விடுவிக்கும். சில சொட்டு போதும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட்டும் அலுமினியத்தில் நன்றாக வெட்டும். ஆனால் கை ட்ரில்லின் மோட்டாருக்குள் பொறி பறப்பதைக் காற்றுத் துளைகள் வழியாகவே பார்க்கலாம். அதன் பக்கத்தில் ஸ்பிரிட் ஆவி இருப்பது எனக்குச் சம்மதமில்லை. சலவை சோடாத் தண்ணீரும் அலுமினியத்துக்கு ஆகாது, அரித்துவிடும். செம்புக்குப் பழைய கைவினைஞர்கள் பால் விட்டார்கள். உண்மைதான், பாலில் கொழுப்பும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. முடிந்ததும் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் ஒன்றும் வேண்டாம். வழுக்கலுக்கு வார்ப்பிரும்புக்குள்ளேயே கிராஃபைட் இருக்கிறது. எண்ணெய் விட்டால் பொடியோடு குழைந்து சாந்தாகி, துளையைத்தான் தேய்க்கும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வண்டியில் இருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைத் தயவுசெய்து தொடாதீர்கள். "சும்மாதானே கிடக்கிறது" என்று பட்டறைக்குப் பட்டறை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்கள். என்ஜினுக்குள் எரிந்த எரிபொருளின் கசடு அதில் சேர்ந்திருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் அந்தக் கசடில் உண்டு. சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெயால் தோலில் புற்றுநோய் வருவது புதிய செய்தியும் அல்ல. இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் நூற்பு எந்திரத்தின் எண்ணெய் தொடைப் பக்கம் ஊறி ஊறித் தொழிலாளர்கள் செத்தார்கள். துளை போடும்போது அந்த எண்ணெய் கையில் படும், சுழன்று முகத்தில் தெறிக்கும், புகையாக மூக்கில் ஏறும். புது என்ஜின் ஆயில் ஒரு அவசரத்துக்குப் பரவாயில்லை. பழையது வேண்டாம். சமையலறையில் இருக்கும் எண்ணெய் இதைவிட நன்றாக வெட்டுகிறபோது, இது எதற்கு?

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மரை போடுவதைப் பற்றி நிறைய பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். மரை வெட்டும் கருவியான டேப் மெல்லச் சுற்றுவதால் அங்கே சூடு பிரச்சினையே இல்லை, வழுக்கல்தான் வேண்டும். விளக்கெண்ணெய் விடுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், சுருள் உடைகிற மாதிரி. ஹேக்ஸா பிளேடுக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். சோப்பும் வழுக்கும், ஆனால் ஈரம் பிடித்துத் துருவேற்றும். அலுமினியம் ராவும்போது அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பல்லுக்குள் அடைக்காது.

வேலை முடிந்ததும் தாவர எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுங்கள். விட்டால் பிசினாகக் காய்ந்து ஒட்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப் போடுங்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஓடுகிற மிஷினில் சுருளைக் கையால் இழுக்காதீர்கள். வணக்கம்.