மூளை ஸ்கேனில் பைபோலார் தெரியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் மனநல மருத்துவர்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா? இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடுமே." பதினைந்து வயதுப் பிள்ளை ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறது, ஆனாலும் காலையில் களைப்பே இல்லை. பேச்சு நிற்கவில்லை. உலகத்தையே மாற்றப்போகிற திட்டம் ஒன்றை நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிறது. இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளை படுக்கையை விட்டு எழ மறுக்கிறது, செத்துப் போய்விடலாம் என்கிறது. பைபோலார், அதாவது இருமுனைக் கோளாறு என்று மருத்துவர் சொல்கிறார். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரிகிறதே, இதுவும் தெரியாதா என்று அந்தப் பெற்றோர் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாது. ஒரு தனிப்பட்ட குழந்தைக்கு பைபோலார் இருக்கிறதா என்று சொல்லக்கூடிய மூளைப் படம் இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தப் படங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இதற்கு இரண்டு வகைப் படங்கள் எடுக்கிறார்கள். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும்: எந்தப் பகுதி எவ்வளவு பெரிது, புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, எவ்வளவு தடிமன் என்று. எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது மூளை வேலை செய்யும்போது எங்கே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுகிறது என்று பார்ப்பது. அதாவது மூளையின் எண்ணத்தை அது நேரடியாகப் படிப்பதில்லை. ரத்த ஓட்டத்தை வைத்து, சில வினாடிகள் பின்தங்கி, ஊகிக்கிறது. இரண்டிலுமே எக்ஸ்ரே கதிர்கள் கிடையாது, காந்தம்தான். ஆகவே ஆரோக்கியமான பிள்ளைகளையும் ஆராய்ச்சிக்காகப் படம் எடுக்க முடிகிறது.

இந்த ஆராய்ச்சிகளில் என் மனதில் ஆழப் பதிந்தது 2006-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்திலிருந்து வந்த ஒன்று. பிள்ளை குழாய்க்குள் மல்லாந்து படுத்திருக்கிறது. தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒரு கருவி, காதில் சத்தத்தைத் தடுக்க அடைப்பான். இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணெதிரே ஒவ்வொன்றாக முகங்கள் வந்து போகின்றன. சில சிரிக்கின்றன, சில கோபப்படுகின்றன, சில எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா பார்க்கின்றன. இந்த முகத்தில் எவ்வளவு பகை தெரிகிறது, இதைப் பார்த்தால் உனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது, இந்த மூக்கு எவ்வளவு அகலம் என்று கேள்விகள். பிள்ளை பட்டனை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். மூக்கைப் பற்றிய கேள்வி எதற்கு என்றால், அதே முகத்தை உணர்ச்சி கலக்காமல் பார்க்க வைத்து ஒப்பிடுவதற்கு.

பைபோலார் உள்ள பிள்ளைகள் அந்தச் சும்மா இருக்கிற முகத்தில் மற்ற பிள்ளைகளை விட அதிகப் பகையைக் கண்டார்கள். அதைப் பார்த்து அதிகம் பயந்ததாகவும் சொன்னார்கள். அந்த நேரத்தில் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடும் அவர்களிடம் கூடியிருந்தது. நெற்றிப் பொட்டுகளுக்கு உள்ளே, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறிய பகுதி அது. ஆபத்தைக் கவனிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அம்மா ஏதோ யோசனையில் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறார். "ஏன் என்னை முறைக்கிற?" என்று பிள்ளை கத்துகிறது. நான் முறைக்கவே இல்லையே என்று அம்மா சொல்ல, சண்டை முற்றுகிறது. வேண்டுமென்றே வம்பிழுக்கிறான் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அவன் கண்ணுக்கு உண்மையிலேயே அது முறைப்பாகத் தெரிந்திருக்கலாம் என்பதற்கு இந்த ஆராய்ச்சி ஓர் ஆதாரம். இதைத் தெரிந்துகொண்ட பெற்றோர் பலர், பேசும்போது "எனக்குக் கோபம் இல்லப்பா, வேற ஏதோ நினைச்சுட்டிருந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். எவ்வளவோ சண்டையை அது குறைக்கிறது.

அமைப்பைப் பார்க்கும் படங்களிலும் அமிக்டலாவே திரும்பத் திரும்ப வருகிறது. பைபோலார் உள்ள வளரிளம் பருவத்தினரிடம் அது சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருக்கிறது என்று பல குழுக்கள் கண்டிருக்கின்றன. பெரியவர்களிடம் இந்த முடிவு இப்படி ஒரே மாதிரி வருவதில்லை. அதற்கு மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்களின் மூளைப் புறணி, சாப்பிடாத நோயாளிகளுடையதை விடச் சற்றுத் தடிமனாக இருப்பதை, பல நாடுகளின் படங்களை ஒன்றுசேர்த்து 2018-ல் வந்த எனிக்மா ஆய்வு காட்டியது. அப்படியானால் படத்தில் தெரிவது நோயா, மருந்தா, பல வருடம் நோயோடு வாழ்ந்ததன் விளைவா என்று பிரிப்பது கஷ்டம். பிள்ளைகளை ஆராய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களிடம் நோயும் புதிது, மருந்தும் புதிது.

"சராசரியாக" என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். சிக்கல் எல்லாம் அங்கேதான். ஆண்களின் சராசரி உயரம் பெண்களை விட அதிகம். அதற்காக ஒருவரின் உயரத்தை மட்டும் சொல்லி, இவர் ஆணா பெண்ணா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியுமா? மூளைப் படங்களில் இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அதை விடவும் மிகச் சிறியது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் அமிக்டலா சிறிதாக இருக்கலாம். பைபோலார் உள்ள பிள்ளைக்குப் பெரிதாக இருக்கலாம்.

அதோடு, நான் சொன்ன 2006 ஆய்வில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது பிள்ளைகளுக்குச் சற்று மேல்தான். அன்றைக்கு அதுவே பெரிய முயற்சி. மூளைப் படத்தையும் மனிதர்களின் நடத்தையையும் தொடர்புபடுத்தி நம்பகமான முடிவுக்கு வரவேண்டுமானால், பல நேரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. பழைய முடிவுகளை எல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. எடை போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு தொல்லை, தலை அசைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட எஃப்.எம்.ஆர்.ஐ. கணக்கு மாறிப்போகும். அருகருகே இருக்கும் பகுதிகளின் தொடர்பு பலமாகவும், தூரத்துப் பகுதிகளின் தொடர்பு பலவீனமாகவும் பொய்யாகக் காட்டும். 2012-ல் இது தெளிவாக வெளிவந்தபோது இந்தத் துறையே ஆடிப்போனது. ஏனென்றால் சிறுவர்கள் பெரியவர்களை விட அதிகம் அசைவார்கள். அதன் பிறகு போலி ஸ்கேனர் ஒன்றில் பிள்ளையைப் படுக்க வைத்துப் பழக்குவது, அசைவு அதிகமான படங்களை ஒதுக்குவது என்று கவனம் கூடியிருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மேனியாவின், அதாவது முதலில் சொன்ன தூக்கம் குறைந்து பேச்சு நிற்காத அந்த நிலையின், உச்சத்தில் இருக்கிற பிள்ளை அரை மணி நேரம் அசையாமல் படுக்குமா? ஓரளவு அமைதியான பிள்ளைகளின் படம்தான் கடைசியில் கணக்கில் நிற்கிறது. நோய் மிகத் தீவிரமாக இருக்கிற நேரத்தின் மூளையைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவாக இருப்பது இதனால்தான்.

சரி, மூளைப் படம் உண்மையில் பெரிதாக உதவிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1994-95-லிருந்து 2002-03-க்குள், பைபோலார் என்று பெயரிட்டு இளம் வயதினர் மருத்துவரிடம் வந்த கணக்கு நாற்பது மடங்கு உயர்ந்தது. எப்போதும் சிடுசிடுப்பாக, அடிக்கடி வெடிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பெயர் ஒட்டப்பட்டதுதான் முக்கியக் காரணம். அந்தப் பிள்ளைகளுக்கு வருவது பைபோலார்தானா என்று பார்க்க, அதே முகங்களைக் காட்டி 2010-ல் இன்னோர் ஆய்வு நடந்தது. சும்மா இருக்கிற முகத்தைக் கண்டு எவ்வளவு பயம் என்று கேட்டபோது, சதா சிடுசிடுக்கும் பிள்ளைகளின் அமிக்டலா, பைபோலார் பிள்ளைகளுடையதை விடக் குறைவாகவே செயல்பட்டது. வெளியே பார்க்க ஒரே மாதிரி கோபம், உள்ளே நடப்பது வேறு. தொடர்ந்து கவனித்தபோதும் அந்தப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் பதற்றமும்தான் அதிகம் வந்தன, மேனியா வந்தது மிக அபூர்வம். இப்படிப் பல ஆதாரங்கள் சேர்ந்து, 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அந்தப் பிள்ளைகளுக்கெனத் தனி நோய்ப் பெயர் சேர்க்கப்பட்டது. தேவையில்லாத பைபோலார் மருந்துகளிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றக்கூடிய மாற்றம் இது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி.

ஆகவே நோயைக் கண்டுபிடிக்க இன்றும் வழி பழைய வழிதான்: காலத்தை வைத்துப் பார்ப்பது. மேனியா என்றால் பிள்ளையின் வழக்கமான சுபாவத்திலிருந்து தெளிவாக மாறி, குறைந்தது ஒரு வாரம் நிலைக்க வேண்டும். அதனால் மருத்துவரிடம் போகும்போது ஒரு சின்ன நோட்டு கொண்டுபோங்கள். எந்தத் தேதியில் தூக்கம் குறைந்தது, எத்தனை நாள் நீடித்தது, குறைந்த தூக்கத்திலும் பிள்ளை தெம்பாக இருந்ததா, எப்போது பழையபடி ஆனது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா. இந்த நோட்டு தருகிற தகவலை எந்த ஸ்கேனும் தராது.

மருத்துவரே சில நேரம் ஸ்கேன் எழுதிக்கொடுப்பார். வலிப்பு, திடீர்க் குழப்பம், தலையில் அடி, கை கால் பலவீனம், விடாத தலைவலி இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் கட்டியோ வீக்கமோ இல்லை என்று உறுதிசெய்ய அது தேவை. அப்போது தயங்காமல் எடுங்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, நடிக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பைபோலார் உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் படம் சாதாரணமாகத்தான் இருக்கும். வண்ண வண்ணப் படம் காட்டி பைபோலாரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். மனநோய் எதையும் கண்டறிய மருத்துவமனையில் பயன்படுத்தத்தக்க மூளைப் பட அடையாளம் இன்னும் இல்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு 2018-ல் சொன்னது.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், பல இரவுகள் தூங்காமல் ஆபத்தான காரியங்களில் இறங்கினால், எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் கூர்மையான பொருள்களையும் எடுத்து ஒளித்து வையுங்கள். அன்றைக்கே அருகில் இருக்கிற மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வணக்கம்.