இரவல் டயரும் இரண்டு ஆண்டுச் சான்றிதழும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் தமிழர் யாராக இருந்தாலும், அவர் பேச்சில் ‘எஃப்.சி.’ என்ற சொல் அடிபடாமல் இருக்காது. தகுதிச் சான்றிதழ் என்று எழுதுகிறோம், பேசும்போது எஃப்.சி.தான். வண்டியைப் பார்வையிட வரும் மோட்டார் வாகன ஆய்வாளரை என் தந்தை காலத்து ஓட்டுநர்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைத்தார்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் மூத்தவர்கள் இன்றும் அப்படிச் சொல்லக் கேட்கிறேன். அந்தப் பழைய பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். வண்டியில் எத்தனையோ உறுப்புகள் இருக்க, அதிகாரியின் பெயரோடு பிரேக்கைச் சேர்த்துச் சொன்னவர்கள், இந்த ஆய்வு எதற்காக என்பதைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தார்கள். எஃப்.சி. என்பது ஒரு காகிதம், அதை எப்படியாவது வாங்கிவிட்டால் போதும் என்ற எண்ணம் பிறகுதான் நம்மிடம் குடிபுகுந்தது. முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் பட்டறை நடத்தி வருபவன் என்ற முறையில், அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, மஞ்சள் போர்டு மாட்டிய ஒவ்வொரு வண்டிக்கும், அதாவது ஆட்டோ, டாக்சி, டெம்போ, லாரி, பஸ், பள்ளி வேன் எல்லாவற்றுக்கும், நடப்பிலுள்ள தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். புதிய வண்டிக்கு முதல் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஆண்டுக்கொருமுறை காட்ட வேண்டும் என்றிருந்த விதியை 2018ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தினார்கள். இப்போது வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும், எட்டு வயதைத் தாண்டிய பிறகு ஆண்டுக்கொருமுறையும் காட்டினால் போதும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போது அந்த வண்டிகளும் ஆய்வுக்கு நின்றாக வேண்டும். டில்லியில் பத்து ஆண்டு டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு பெட்ரோல் வண்டிக்கும் நீதிமன்றங்களின் ஆணைப்படி வேறு நிலைமை உண்டு; அது இங்கே பொருந்தாது. அதைச் செய்தியில் கேட்டுவிட்டு இங்கே பழைய வண்டியை அவசரமாக அடிமாட்டு விலைக்கு விற்றவர்களை நான் அறிவேன் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்த 56ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. தகுதிச் சான்றிதழ் காலாவதியான வாடகை வண்டியை, சட்டம் பதிவே செய்யப்படாத வண்டியாகக் கருதுகிறது. அபராதமும், நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் வீதம் ஏறும் தாமதக் கட்டணமும் இதில் சிறிய விஷயங்கள். அந்த நிலையில் ஒரு விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகைக்காக ஓர் ஏழை ஓட்டுநர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். ஆகவே தேதியைத் தவற விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி, நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கலாசிபாளையம் காய்கறிச் சந்தைக்கு லோடு அடிக்கும் டெம்போக்காரர் ஒருவர் எஃப்.சி.க்காக என் பட்டறைக்கு வந்தார். அவர் கேட்ட வேலைகள் இவ்வளவுதான்: கதவில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், பின் விளக்குகள் எரிய வேண்டும், ஹார்ன் ஒலிக்க வேண்டும். முன் டயர்கள் இரண்டும் வழுக்கையாக இருந்தன. புதிது வாங்கக் கையில் பணமில்லை. என்னிடம் வேலைக்கு நின்றிருந்த இன்னொரு வண்டியின் நல்ல டயர்களைக் கழற்றி, ஒரு நாளுக்கு அவருக்கு மாட்டிக் கொடுத்தேன். இப்படி இரவல் கொடுப்பது அன்று எல்லாப் பட்டறைகளிலும் நடந்ததுதான். ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் வரை இரவலில் போய் மாலையில் திரும்பி வரும். ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், சற்றுத் தூரம் ஓட்டச் சொல்லி பிரேக் பிடிக்கச் சொன்னார், வண்டி நின்றது, சான்றிதழ் கிடைத்தது. மாலையில் பழைய வழுக்கை டயர்களை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பிப் போனார்.

மூன்றாவது வாரம், விடிவதற்கு முன்பே, முழு லோடோடு ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் அந்த வண்டி நடுத்தடுப்பில் மோதியது. ஓட்டுநருக்குக் கணுக்கால் முறிந்தது; உடன் வந்த கிளீனர் பையனுக்கு நெற்றியில் தையல். வண்டி பட்டறைக்கு இழுத்து வரப்பட்டதும் நான் முதலில் இடது பின்சக்கரத்தின் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைக் கழற்றினேன். டிரம்மோடு உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் லைனர் முழுவதும் எண்ணெயில் ஊறிக் கறுத்துப் பளபளத்தது. லைனரைத் தள்ளி அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் கிழிந்து, பிரேக் ஆயில் பல நாட்களாகக் கசிந்து, டிரம்மின் உட்புறத்தில் தூசியோடு சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது. அந்தச் சக்கரத்தில் பிடிப்பு இல்லை. மற்றச் சக்கரங்கள் பிடித்தன. ஆகவே அழுத்திப் பிடித்தபோது வண்டி வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு தடுப்பை நோக்கிப் போயிற்று. எஃப்.சி. வேலையின்போது நான் அந்த டிரம்மைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதவுக்குப் பட்டி பார்த்த நேரத்தில் நான்கு டிரம்களையும் கழற்றிப் பார்த்திருக்கலாம். அன்றோடு இரவல் டயர் கொடுப்பதை நிறுத்தினேன், எஃப்.சி.க்கு வரும் எந்த வண்டியானாலும், உரிமையாளர் வேண்டாம் என்றாலும், நான்கு சக்கரத்தையும் கழற்றாமல் வெளியே விடுவதில்லை.

காலியான வண்டியைச் சமதளத்தில், மெதுவான வேகத்தில் நிறுத்திப் பார்க்கும் சோதனையில் அந்தக் குறை வெளிப்படாது. அதனால்தான் தானியங்கிப் பரிசோதனை மையங்களை நான் மனமார வரவேற்கிறேன். 2021ஆம் ஆண்டு மத்திய அரசு இவற்றுக்கான விதிகளை வெளியிட்டது. நம் ஊருக்கு அருகில் நெலமங்கலாவில் இத்தகைய மையம் இருக்கிறது. அங்குள்ள பிரேக் சோதனைக் கருவியை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் பிறகு பிரேக்கை அலட்சியமாக நினைக்கமாட்டார்கள். தரையில் பதித்த இரண்டிரண்டு உருளைகளின் மேல் ஓர் அச்சின் இரு சக்கரங்களும் அமர்கின்றன. மோட்டார் அந்த உருளைகளைச் சுழற்றுகிறது. ஓட்டுநர் மெதுவாக பிரேக்கை மிதிக்க மிதிக்க, இடது சக்கரம் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது, வலது சக்கரம் எவ்வளவு விசையோடு பிடிக்கிறது என்று தனித்தனியாகத் திரையில் எண்கள் ஏறுகின்றன. இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகுந்தால் வண்டி தேறாது. கலாசிபாளையத்து டெம்போ அந்த உருளைகளின் மேல் ஏறியிருந்தால், இடது பின்சக்கரம் அன்றே காட்டிக் கொடுத்திருக்கும். கைப் பிரேக்கையும் இப்படியே அளக்கிறார்கள். முன்சக்கரங்கள் பக்கவாட்டில் இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு தகடு, சக்கரத்தைத் திருப்பும் இணைப்புகளான டை ராடு முனையிலும் பால் ஜாயின்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தை அசைத்துப் பார்க்க இன்னொரு தகடு, புகையை அளக்க ஒரு கருவி, முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரத்தை அளக்க ஒரு கருவி என்று வண்டி வரிசையாகக் கடந்து செல்கிறது.

முகப்பு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சம் அதிகம் வேண்டுமென்று, ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த கூட்டுக்குள் கடையில் கிடைக்கும் எல்.இ.டி. பல்பைப் பொருத்துகிறார்கள். ஒளி கிளம்பும் புள்ளி மாறிவிடுவதால், வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது. சரக்கு வண்டிகளில் இது இன்னும் மோசம். பின்னால் லோடு ஏறியதும் முன்பக்கம் நிமிர்ந்து, விளக்கும் சேர்ந்து நிமிர்ந்துவிடும். ஓசூர் ரோட்டில் இரவில் இருசக்கர வண்டி ஓட்டுபவர்களைக் கேட்டால் அந்த வேதனையைச் சொல்வார்கள்.

டயருக்கு விதி தெளிவாக எண் சொல்கிறது: ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் பட்டன் ஆழம், அதாவது டயரின் மேல்பரப்பில் உள்ள பள்ளத்தின் ஆழம், 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். அளவுகோல் எதுவும் தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் சிறிய மேடு ஒன்று இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், அந்த டயரின் ஆயுள் முடிந்தது. தேய்ந்த மேல்பரப்பை மட்டும் புதிதாக ஒட்டி ரீட்ரெட் செய்த டயர்களைப் பின்னால் போட்டு ஓட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன், தொழிலின் கணக்கு எனக்கும் தெரியும். முன் சக்கரத்தில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

பிரேக் ஆயிலை மாற்றுவது என்பது நம்மவர்களிடம் வழக்கத்திலேயே இல்லை; குறைந்தால் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகை அளவிலேயே கொதிக்கத் தொடங்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும், மிதி அடிவரை இறங்கும், சக்கரம் பிடிக்காது. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு லோடு ஏற்றிச் செல்பவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சமாகும் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் வண்டியில், மூன்று ஆண்டுகளாக மாற்றாத ஆயிலும் இருந்தால், அங்கே எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது.

ஆவணங்களைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை. காப்பீடு, சாலை வரி, பர்மிட், புகைச் சான்றிதழ் ஆகியவை நடப்பில் இருக்க வேண்டும், பி.எஸ். 4 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரம் முதற்கொண்டு வந்த வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் ஓராண்டும், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும். சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ஒளியை எதிரொளிக்கும் பட்டை, சி.என்.ஜி. வண்டியானால் மூன்று ஆண்டுக்கொருமுறை செய்யும் சிலிண்டர் சோதனைக்கான சான்று ஆகியவற்றையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும்போது, துரு படிந்து எழுத்து தெரியவில்லை என்று சிலர் அதன் மேல் கிரைண்டரை ஓட்டிவிடுகிறார்கள். எண் அழிந்தால் பிறகு வண்டி யாருடையது என்று நிரூபிக்கவே அலைய நேரிடும். டீசலில் நனைத்த துணியால் ஊற வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

ஓட்டுநர்களின் சங்கடத்தை நான் அறியாதவன் அல்லன். எஃப்.சி. நாளில் ஓட்டம் போகாது. தேறவில்லை என்றால் மறுநாளும் போகாது. எலக்ட்ரானிக் சிட்டியில் ஓட்டுபவருக்கு நெலமங்கலா என்பது ஊரின் மறுகோடி. எந்த மையத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே பட்டறையில் விட்டுவிட்டால், இந்த அலைச்சலில் பாதி குறையும். ஏஜென்டுக்கென்று எடுத்து வைக்கும் பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் லைனரும் வீல் சிலிண்டர் கிட்டும் பெரும்பாலும் அடங்கிவிடும். வேலை நடக்கும்போது மெக்கானிக்கின் அருகிலேயே உட்காருங்கள். டிரம்மைக் கழற்றியதும் எனக்குக் காட்டு என்று கேளுங்கள். கழற்றிய பழைய லைனரைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக, வண்டி ஓட்டாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் பள்ளி வேனில் செல்கிறார்கள் என்றால், அதன் எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் கொடுத்து, தகுதிச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று இன்று மாலையே பாருங்கள். நாளைக் காலையில் வேன் வந்து நிற்கும்போது, சற்றுக் குனிந்து சக்கரங்களின் உட்புறத்தையும் பாருங்கள். டயரின் உட்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஈரமான கறுப்புக் கோடு ஒன்று வழிந்திருந்தால், ஓட்டுநரிடம் அதைக் காட்டி, உடனே டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த வேனில் முதலில் உட்கார்ந்திருப்பவர் அவர்தானே.

வணக்கம்.